பணியின் அளவே அதிகாரம்

திருட்டு இருவகைப்படும். சுவரை இடித்துக் களஞ்சியத்துள் புகுதல் ஒரு வகை. களஞ்சியத்துச் சாவியை வைத்திருக்கும் ஏவலாளனை நயமாக அணுகி, அவன் கையாலேயே கதவைத் திறக்கச் செய்தல் மற்றொரு வகை. முன்னதற்கு வலிமை வேண்டும். பின்னதற்கு அந்த ஏவலாளனுடைய வழக்கங்களைக் கூர்ந்து நோக்கும் பொறுமை ஒன்றே போதும். இடிந்த சுவரை ஊரார் அனைவரும் காண்பர். ஏவலாளனோ தான் செய்தது இன்னதென்று தானும் அறியான். கேட்போருக்கு, ‘வழக்கமான வேலையைத்தான் செய்தேன்’ என்று உண்மையாகவே விடை கூறுவான். கணிப்பொறிகளின் வரலாற்றிலே இவ்விரண்டாம் வகைத் திருட்டு எவ்வாறு நிகழ்ந்தது, அதினின்று நாம் அறியத்தக்கது யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, அச்சுப்பொறி முதலிய உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு, அவற்றைப் பல நிரல்களுக்கும் பகிர்ந்தளிக்கும் தலைமை நிரலை இயங்குதளம் என்பர். அதன் ஆட்சியின்கீழ் இரு வகுப்பார் உளர். தமக்குரிய கோப்புகளை மட்டும் படிக்கவும் திருத்தவும் உரிமை பெற்ற எளிய பயனர் ஒரு வகுப்பார். எவருடைய கோப்பையும் திறக்கவும், எதனையும் அழிக்கவும், இயங்குதளத்தையே மாற்றவும் வல்ல தலைவர் மற்றொரு வகுப்பார். இத்தலைவருக்கு யூனிக்ஸ் மரபிலே ‘ரூட்’ என்று பெயர். விண்டோஸ் மரபிலே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று பெயர். எளிய பயனர் ஒருவர் யாதேனும் ஒரு குறையைப் பற்றிக்கொண்டு தலைவருடைய அதிகாரத்தை எய்துவாராயின், அதனை ‘அதிகார உயர்வு’ என்றும், அதற்கு இடந்தந்த குறையை ‘அதிகார உயர்வு வழு’ என்றும் வழங்குவர்.

இத்தகைய வகுப்புப் பிரிவினை கணிப்பொறி தோன்றிய நாள்தொட்டே இருந்ததன்று. ஒருவருடைய வேலை முடிந்த பின்னரே மற்றொருவருடைய வேலை பொறிக்குள் புகுந்த காலத்தில் ஒருவரிடமிருந்து மற்றவரைக் காக்கவேண்டிய தேவை மிகுதியாக இல்லை. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரே பொறியைப் பலர் ஒரே பொழுதில் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டினர். அதற்கு ‘சி.டி.எஸ்.எஸ்.’ என்று பெயர். ஒரு வீட்டிற் பல குடும்பங்கள் குடிபுகுந்தால் இடைச்சுவர் வேண்டுமன்றோ? அங்ஙனமே அப்பொறியிலும் ஒவ்வொருவர்க்கும் தனி இடமும் கடவுச்சொல்லும் வகுக்கப்பட்டன.

சுவர் எழுந்த மறு ஆண்டிலேயே அதனைக் கடக்கும் வழியும் காணப்பட்டது. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணாக்கருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரமே பொறியிற் பங்கு கிடைத்தது. தம் ஆய்வுக்கு அது போதாமையால் அவர் ஓர் உபாயம் கண்டார். துளையட்டை ஒன்றில் கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்தால், அக்கோப்பை அச்சிட்டுத் தரும் ஏற்பாடு அங்கே இருந்தது. 1962ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அனைவருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் அச்சிட்ட தாளைப் பெற்றுக்கொண்டார். சுவர் இடியவில்லை, பூட்டு உடையவில்லை. எந்தக் கோப்பையும் படிக்க உரிமை பெற்றிருந்த அச்சுப்பணி, ‘கேட்பவர் யார்? இதனைக் கேட்க அவருக்கு உரிமை உண்டோ?’ என்று வினவாமல் தன் கடமையைச் செய்தது. அவ்வளவே.

இனி யூனிக்ஸின் கதைக்கு வருவோம். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவராலும் தொடங்கப்பெற்ற இவ்வியங்குதளத்திலே ஓர் இக்கட்டு எழுந்தது. பயனர் ஒருவர் தம்முடைய கடவுச்சொல்லை மாற்ற விரும்புகின்றார்; அவ்விருப்பம் நியாயமானதே. ஆயின் கடவுச்சொற்கள் எழுதப்பட்ட பதிவேட்டைத் திருத்தும் உரிமை ரூட் ஒருவருக்கே உண்டு. பயனருக்கு அவ்வுரிமையைக் கொடுத்தால் பிறருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவார். கொடாவிட்டாலோ தம்முடையதையும் மாற்ற இயலாது. இதற்கு ரிச்சி கண்ட தீர்வு மிக நுண்ணியது. ஒரு நிரலின்மேல் ஓர் அடையாளம் இட்டுவிட்டால், அதனை எவர் ஏவினாலும் ஏவியவருடைய அதிகாரத்தோடன்றி, நிரலுக்கு உரியவருடைய அதிகாரத்தோடு அது இயங்கும். இவ்வேற்பாட்டைச் ‘செட்யூஐடி’ என்பர். இதற்கு 1979ஆம் ஆண்டில் காப்புரிமையும் கிடைத்தது. பின்னர் அது பொதுவுடைமையாக விடப்பட்டது.

கல்லூரி அலுவலகத்தை எண்ணிப் பார்த்தால் இஃது எளிதில் விளங்கும். மாணாக்கர் ஒருவர் தம் முகவரி மாறியதைப் பதிவேட்டிற் குறிக்க வேண்டுமாயின், பதிவேட்டை அவர் கையிற் கொடுப்பாரில்லை. எழுத்தர் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்வார். எழுத்தருக்குப் பதிவேடு முழுவதும் திறந்திருக்கும். எனினும் கேட்டவருக்குரிய வரி ஒன்றையே அவர் திருத்துவார் என்பது நம் நம்பிக்கை. செட்யூஐடி நிரல்கள் அத்தகைய எழுத்தர்களே. அவர்கள் விழிப்புடையவர்களாயின் யாதொரு தீங்கும் இல்லை. அவர்களுள் ஒருவர் ஏமாளியாயினும் பதிவேடு முழுவதும் பிறர் கைப்பட்டதாகும்.

அவ்வேமாளித்தனம் எத்தகையதென்பதற்கு உதாரணங்கள் இரண்டு கூறுவோம். பழைய யூனிக்ஸில் புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்கும் ‘எம்கேடிர்’ என்னும் நிரல் ரூட் அதிகாரத்தோடு இயங்கியது. அதன் வேலை இரண்டு படிகளில் நடந்தது: முதலில் ரூட்டின் பெயரால் கோப்புறையை உண்டாக்குதல், அடுத்து அதனைக் கேட்டவருக்கு உரிமையாக்குதல். இவ்விரு படிகளுக்கும் இடையே ஒரு நொடியினும் சிறிய இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியிலே தந்திரசாலி ஒருவர் புதிய கோப்புறையை நீக்கிவிட்டு, அதே பெயரால் கடவுச்சொற் பதிவேட்டுக்கு ஓர் இணைப்பை வைத்துவிடுவார். நிரலோ திரும்பிப் பாராமல் இரண்டாம் படியைச் செய்யும். பதிவேடே அவருக்குச் சொந்தமாகிவிடும். பத்திரத்தைப் படித்த பின்னர், கையெழுத்திடுமுன் கண்ணிமைக்கும் நேரத்தில் தாளை மாற்றிவிடும் வஞ்சகத்திற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

மற்றொன்று இன்னும் விந்தையானது. ‘வி.ஐ.’ என்னும் எழுதும் நிரல் இடையிலே நின்றுபோனால், எழுதியதைக் காத்துவைத்து, உரியவருக்கு மடல் வாயிலாக அறிவிக்கும் துணைநிரல் ஒன்று இருந்தது. அதுவும் ரூட் அதிகாரம் பெற்றதே. மடல் அனுப்பும்பொருட்டு அது ‘பின்’ என்னும் அடைவிலுள்ள ‘மெயில்’ என்னும் நிரலை, இரு பெயர்களுக்கும் இடையே சாய்கோடு இட்டு, ஓட்டுக்கூட்டின் வாயிலாக அழைத்தது. கட்டளையில் ஒரு சொல் எங்கே முடிகின்றது என்று குறிக்கும் எழுத்து இன்னது என்பதைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்நாளைய வழக்கம். ஒருவர் சாய்கோட்டையே அவ்வெல்லைக் குறியாக ஆக்கிவிட்டார். உடனே ‘பின்’ என்பது நிரலின் பெயராகவும், ‘மெயில்’ என்பது அதற்குரிய மொழியாகவும் பிரிந்தன. அவர் தம் அடைவில் ‘பின்’ என்னும் பெயரோடு ஒரு நிரலை முன்னரே வைத்திருந்தார். அது ரூட் அதிகாரத்தோடு ஓடியது. ஒரு நிறுத்தக்குறி இடம் மாறினால் பொருளே மாறிவிடும் என்று இலக்கண ஆசிரியர் நமக்குக் கூறியது பொய்யன்று.

இவை ஆய்வுக்கூடத்து வேடிக்கைகளே என்று எண்ணுவார்க்கு 1986ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது விடை கூறும். கணிப்பொறியைப் பயன்படுத்திய நேரத்திற்குரிய கணக்கில் 75 சென்ட் குறைந்தது. அதன் காரணத்தைக் காணுமாறு கிளிபர்ட் ஸ்டோல் என்னும் வானியலாரைப் பணித்தனர். முக்கால் டாலரைத் தேடிப் புறப்பட்ட அவர், எவரோ ஒருவர் புறத்திலிருந்து பொறிக்குள் புகுந்து ரூட் அதிகாரத்தோடு உலவுவதைக் கண்டார். அது நிகழ்ந்த வகை வருமாறு: ‘ஈமாக்ஸ்’ என்னும் எழுதும் நிரலோடு ‘மூவ்மெயில்’ என்னும் சிறு நிரலும் வந்தது. வந்த மடல்களை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு எடுத்துவைப்பதே அதன் வேலை. அவ்வாய்வுக்கூடத்தில் அதற்கு ரூட் அதிகாரம் தரப்பட்டிருந்தது. மடலைத்தான் எடுத்துவைக்கின்றோமா, உரிய இடத்தில்தான் வைக்கின்றோமா என்று அது பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ரூட் அதிகாரத்தோடு தானே ஓடும் நிரல் ஒன்று அப்பொறியில் இருந்தது. புகுந்தவர் மூவ்மெயிலின் கையால் அந்நிரலின் இடத்தில் தம் நிரலை வைத்தார். ஐந்து நிமிடம் காத்திருந்தார். அதிகாரம் தாமாகவே வந்தது. பின்னர்ப் பழைய நிரலையே அவ்விடத்தில் மீட்டும் வைத்துத் தடத்தை மறைத்தார்.

காகம் தன் கூட்டிலிருப்பது குயிலின் முட்டையென்று அறியாமல் அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதை நாம் அறிவோம். ஸ்டோலும் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலுக்கு அவ்வினத்துப் பறவையின் முட்டையையே பெயராக வைத்தார். அவர் மாதக்கணக்காகப் பின்தொடர்ந்ததில், புகுந்தவர் ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரத்தைச் சேர்ந்தவர் என்பதும், முப்பதுக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளுள் புகுந்தவர் என்பதும் தெரியவந்தன. கண்ட செய்திகளைச் சோவியத் ஒற்றர்க்கு விற்றமைக்காக அவரும் அவர்தம் கூட்டாளிகளும் 1990ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டனர். இத்தனைக்கும் வாயிலாக இருந்தது யாது? மடலை எடுத்துவைக்கும் ஒரு சிற்றேவலுக்குக் கோட்டை முழுவதற்கும் உரிய சாவியைக் கொடுத்திருந்ததே.

நார்ம் ஹார்டி என்பார் 1988ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய நிரலுக்குக் ‘குழம்பிய பிரதிநிதி’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். தன் அதிகாரத்தையும் தன்னை ஏவியவருடைய அதிகாரத்தையும் வேறுபடுத்தி அறியாமல், ஏவியவருடைய வேலையைத் தன் அதிகாரத்தால் செய்துவிடுவதே அதன் இயல்பு. அந்நிரல் தீயதன்று, கெடுநோக்கு அதற்கு இல்லை. அளவுக்கு மிஞ்சிய அதிகாரமும் அளவுக்குக் குறைந்த ஐயமும் ஒருங்கே பெற்றிருந்ததே அதன் குற்றம்.

‘இவையெல்லாம் தொடக்ககாலத்துப் பிழைகள், காலம் செல்லச் செல்ல இயங்குதளங்கள் தேறியிருக்குமன்றோ?’ என்று வினவலாம். பழமை ஒன்றே உறுதிக்குச் சான்றாகாது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் என்.டி., அதற்கு முந்திய டாஸ் காலத்து நிரல்களையும் இயக்கவேண்டும் என்பதற்காக ஒரு தனிப்பகுதியைத் தன்னுள் வைத்திருந்தது. டாஸில் தலைவர், எளியவர் என்னும் பிரிவே இல்லை. அப்பழம்பகுதியிலிருந்த அதிகார உயர்வு வழு ஒன்றைத் தாவிஸ் ஓர்மண்டி என்னும் ஆய்வாளர் 2010ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்டார். 32 பிட் விண்டோஸ் என்.டி. மரபு முழுவதிலும் பதினேழு ஆண்டுகள் அது கண்படாமல் இருந்தது. லினக்ஸிலும் இங்ஙனமே. எளியவர் ஏவும் வேலையைத் தலைவர் அதிகாரத்தோடு செய்துதரும் ‘பிகேஎக்ஸெக்’ என்னும் நிரல் 2009ஆம் ஆண்டில் தோன்றியது. தன்னிடம் ஒரு மொழியும் கொடுக்கப்படாதபொழுது, அடுத்திருந்த வேறொரு பட்டியலிலிருந்ததைத் தனக்குக் கொடுத்ததாக அது எண்ணிக்கொண்டது. இவ்வழு 2022ஆம் ஆண்டு ஜனவரியில்தான் வெளியாயிற்று. வழு வெளியானவுடன் திருத்தமும் வரும். ஆனால் எல்லாப் பொறிக்கும் வருவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014ஆம் ஆண்டு ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும் பொதுவான திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. அதன் பின்னரும் ஓடுகின்ற பொறி, தீர்க்க வைத்தியர் இல்லாத நோயை உடலில் வைத்திருக்கும் மனிதரைப் போன்றது.

இவற்றையெல்லாம் நாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லோம். நமது கணிப்பொறிக் கூடத்தில் பல்லாண்டு உழைத்த பழைய பொறி ஒன்று இருந்தது. மாணாக்கர் பயிற்சியும் அதிலேதான். அகமதிப்பீட்டு மதிப்பெண்களும் அதிலேதான். அதன் இயங்குதளத்திற்குத் திருத்தங்கள் வருவது நின்றுபோகவே, மதிப்பெண்களைப் புதிய பொறிக்கு மாற்றி, பழையதை வலையிலிருந்து பிரித்துவிட முடிவு செய்தோம். அதனோடு ரூட் கடவுச்சொல்லையும் மாற்றினோம். அக்கடவுச்சொல் அதுகாறும் கூடத்து உதவியாளராகிய பெரியவர் ஒருவரிடம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருநாளும் தவறாமல் காலை எட்டு மணிக்குக் கூடத்தைத் திறந்தவர். ஒரு குண்டூசியையும் வீட்டிற்கு எடுத்துச் செல்லாதவர். அச்சுப்பொறியைச் சேர்ப்பதற்கும் நின்றுபோன நிரலை மீட்பதற்கும் அவர் அதனைப் பயன்படுத்திவந்தார்.

அவர் நம் அறைக்கு வந்து நின்றார். “ஐயா, இத்தனை வருஷம் இல்லாத சந்தேகம் இப்பொழுது என்மேல் வந்துவிட்டதா?” என்று கேட்டார். குரல் உயரவில்லை, கண்கள் கலங்கியிருந்தன.

நாம் அவரை உட்காரச் செய்து, மூவ்மெயிலின் கதையைக் கூறினோம். “தங்கள்மேல் ஐயம் இல்லை. தாங்கள் அச்சுப்பொறிக்காகத் தட்டும் கடவுச்சொல், தங்களுக்குப் பின்னே நிற்கும் பையன் ஒருவன் கண்ணிற் பட்டால், மதிப்பெண் பட்டியல் முழுவதையும் திறந்துவிடும். அச்சுப்பொறிக்கு வேண்டிய உரிமையைத் தங்கள் பெயரிலேயே தனியாக வகுத்திருக்கின்றோம். தங்கள் வேலை ஒன்றும் நிற்காது” என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. நியாயம் விளங்கியபோதிலும் மனம் ஆறவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. சற்றுப் பொறுத்து, “அப்படியானால் அந்தக் கடவுச்சொல் இனித் தங்களிடம் இருக்குமாக்கும்” என்றார்.

“நம்மிடமும் இல்லை” என்றோம். அஃது உறையிலிட்டு முத்திரை வைத்து முதல்வர் அறை இரும்புப்பெட்டியில் இருந்தது. இருவர் கையெழுத்திட்டாலன்றித் திறத்தலாகாது என்பது ஏற்பாடு. நாமும் நாள்தோறும் எளிய பயனராகவே பொறியில் அமர்கின்றோம் என்பதை எடுத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் எண்ணியிருந்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: “அப்படியென்றால் நல்லதுதான், ஐயா. நாளைக்கு மார்க்கு மாறிப்போச்சு என்று யாராவது சொன்னால், முதலில் என் முகத்தைத்தானே பார்ப்பார்கள்? இனிமேல் பார்க்க மாட்டார்கள்.”

நூல்கள் பல படித்தும் நமக்குத் தோன்றாத உண்மை அது. அதிகாரத்தை அளந்து கொடுத்தல் பொருளைக் காப்பதற்கு மட்டுமன்று. பொருளைக் கையாளும் நேர்மையாளரின் பெயரைக் காப்பதற்கும் அதுவே வழி. எல்லாக் கதவுகளுக்கும் சாவி வைத்திருப்பவர், எந்தக் கதவில் எது காணாமற்போயினும் ஐயத்திற்கு ஆளாவார். தமக்குரிய கதவின் சாவியை மட்டும் வைத்திருப்பவர், தம் கதவுக்கு மட்டும் விடை கூறினால் போதும்.

அறிஞர் இதனை முன்னரே விதியாக வகுத்துள்ளனர். ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவரும் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில், ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தத்தம் பணிக்கு இன்றியமையாத மிகச் சிறிய அதிகாரத்தோடே இயங்கவேண்டும் என்று நிறுவினர். பின்வந்த திருத்தங்கள் பலவும் இவ்வழியே சென்றன. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸின் 4.2ஆம் பதிப்பில், கோப்புறை உண்டாக்கும் வேலை இயங்குதளத்தின் கருப்பகுதிக்கே மாற்றப்பட்டது, இரண்டு படிகள் ஒன்றாயின, இடைவெளியும் ஒழிந்தது, அந்நிரலுக்கு ரூட் அதிகாரமும் வேண்டாததாயிற்று. 2002ஆம் ஆண்டில் ‘ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்.’ என்னும் தொலைப்புகு நிரலை இரு கூறாக்கி, புறத்தாரோடு பேசும் பெருங்கூற்றை அதிகாரமற்றதாகவும், அதிகாரம் பெற்ற கூற்றை மிகச் சிறியதாகவும் அமைத்தனர். வெளியாரோடு உரையாடுபவர் கையிற் சாவி இல்லையாயின், அவரை ஏமாற்றுவதால் பயன் என்னை?

இத்தகைய வழுக்களை மாணாக்கருக்குக் கற்பித்தல் திருடருக்கு வழி காட்டுவதாகாதோ என்று நண்பர் சிலர் அஞ்சுகின்றனர். மேற்கூறிய வழுக்கள் எல்லாம் உலகறிய வெளியிடப்பட்டுத் திருத்தம் பெற்றவை. தீயோர் அவற்றை நம்மிடம் வந்து கற்கவேண்டியதில்லை. நிரல் எழுதப் போகும் இளைஞரோ அவற்றைக் கல்லாமற்போனால், அவற்றையே மீட்டும் செய்வர். வலையினின்று பிரித்த அப்பழைய பொறியிலே இப்பொழுது மாணாக்கர் இவ்வழுக்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, பின்னர்த் தம் கையாலேயே திருத்திப் பழகுகின்றனர். கோப்புறை நிரலின் இடைவெளியைப் பிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் முயன்ற மாணவி ஒருத்தி, ஈற்றில் அதனைப் பிடித்தபொழுது மகிழ்ச்சியினும் வியப்பே மிகுதியாகக் கொண்டாள். ‘இவ்வளவு சிறிய இடமா!’ என்றாள்.

மாணாக்கர்காள்! உங்களுட் பலர் நிரல் எழுதுவீர். பலர் அலுவலகங்களை நடத்துவீர். சிலர் பிறர் பொருளையும் பிறர் மானத்தையும் காக்கும் நிலைகளில் அமர்வீர். ஒருவர்க்கு ஒரு பணியைக் கொடுக்கும்பொழுது, அப்பணிக்கு எத்துணை அதிகாரம் வேண்டும் என்று அளந்து அத்துணையே கொடுமின். உங்களுக்கு அதிகாரம் கொடுக்கப்படும்பொழுது, பணிக்கு மேற்பட்டதை, எவரும் கேளாமுன்னரே, திருப்பிக் கொடுமின். பிறருக்குக் குறைத்து அளப்பவர் தமக்கும் அவ்வளவுகோலையே வைப்பாராயின், குறைக்கப்பட்டவர் அதனை அவமதிப்பாகக் கொள்ளார்.